கொடிமரத்தடியில் ஒரு செருப்பு

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் என்னைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. நான் காலில் விழுந்து உத்தியோகம் எடுத்தவனாம். இதைக் கேட்டதும் நான் கொதித்து எழுவேன் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். எழமாட்டேன், ஏனென்றால் அது உண்மை. நெற்றி, நெஞ்சு, வயிறு, முழங்கால் எல்லாம் நிலத்தில் பட, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, முறைப்படி விழுந்தேன். அப்போது என் உடம்பில் மேற்சட்டை, எங்கள் பேச்சில் சேட், இருக்கவில்லை. கழுத்துப்பட்டி மட்டும் இருந்தது. நாற்பது மாணவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் யாருடைய காலில் விழுகிறேன் என்பது விழும்போது எனக்குத் தெரியாது. இந்த ஒரு விசயத்தைத்தான் எவரும் நம்புகிறார்கள் இல்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதி வைத்துவிடுகிறேன்.

கல்லூரியின் பெயரைச் சொல்லமாட்டேன். இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன். வரலாறும் பண்பாடும் படிப்பிக்கிற விரிவுரையாளர் என்று அந்த நாளில் என்னைச் சொல்லிக்கொள்வேன். நியமனக் கடிதத்தில் அதற்கு முன்னால் ‘தற்காலிக’ என்று ஒரு சொல் இருக்கும். கதைக்கும்போது அதை விழுங்கிவிடுவேன். மூன்று வருடமாக விழுங்கி விழுங்கி வயிறு நிறைந்திருந்தது. எங்கள் பகுதியில் ஒரு பெடியனுக்கு வேலை இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. நிரந்தரமா என்றுதான் கேட்பார்கள். கல்யாண வீட்டில் பந்தியில் பக்கத்தில் இருப்பவர் கேட்பார். சந்தையில் கத்தரிக்காய் நிறுப்பவர் கேட்பார். ஒருமுறை பல் பிடுங்கப் போன இடத்தில், வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, டொக்டரே கேட்டார். (வாய் திறந்திருந்தபடியால் தப்பினேன்.)

அந்த வருடம் மார்கழியில் கல்லூரி அதிபர் தேவசகாயம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர். கெட்ட செய்தி சொல்வதற்கு முன்னால் மின்விசிறியை ஒரு இலக்கம் கூட்டி வைப்பார். அன்றைக்கு இரண்டு இலக்கம் கூட்டினார்.

“தம்பி, இனியும் உம்மை நீட்டிக்கொண்டு போக ஏலாது எண்டு மேலிடம் சொல்லிப்போட்டுது. தை மாதம் மதிப்பீட்டுக் குழு வருது. உம்மடை பாடம் ஒண்டைப் பாப்பினம். பிடிச்சால் நிரந்தரம். பிடிக்கேல்லை எண்டால் அந்த இடத்துக்கு விளம்பரம் போடவேணும்.”

“குழுவுக்கு ஆர் சேர் தலைவர்?”

“நேசமலர் மேடம்.”

மின்விசிறி ஏன் அந்த வேகத்தில் சுற்றியது என்று அப்போது விளங்கியது. மானிப்பாய் நேசமலர் மேடத்தைத் தெரியாத ஆசிரியர் அந்தக் காலத்தில் குடாநாட்டில் இல்லை. பரம்பரையாக மிஷன் பாடசாலைகளில் படிப்பித்த குடும்பம். இளைப்பாறிய அதிபர். வெள்ளைப் பருத்திச் சேலை, மடித்த குடை, சிவப்புப் பேனா. பாடம் பார்க்க வந்தால் முன்வரிசையில் இருந்து, ஒரு சொல்லும் கதையாமல், எழுதிக்கொண்டே இருப்பாராம். அவர் எழுத எழுத, படிப்பிக்கிறவருக்குத் தன் பெயரே மறந்துபோகுமாம். அப்படி மறந்த இருவரை எனக்குத் தனிப்பட்ட முறையில் தெரியும்.

இந்த இடத்தில்தான் வீஆர் கண்ணாடி வருகிறது.

கனடாவில் இருக்கிற பழைய மாணவர்கள் கல்லூரிக்கு நான்கு வீஆர் கண்ணாடிகள் அனுப்பியிருந்தார்கள். முகத்தில் மாட்டினால், இருக்கிற இடம் மறைந்து வேறொரு இடம் சுற்றிவரத் தெரியும். தலையைத் திருப்பினால் அந்த இடமும் திரும்பும். பிள்ளைகள் கடலடியையும் மனித இதயத்தையும் உள்ளே போய்ப் பார்த்துப் படிக்கலாம் என்று நல்ல மனதோடு அனுப்பினார்கள். நாங்கள் அவற்றை நல்ல மனதோடு அலுமாரியில் வைத்துப் பூட்டினோம். எட்டு மாதம் வெளியே எடுக்கவில்லை. எடுத்தால் தூசு பிடித்துவிடும் அல்லவா.

அந்த அலுமாரியைத் திறக்க வைத்தவன் நான். ‘கோயிற் கட்டட அமைப்பு’ என்ற பாடத்தைக் கண்ணாடியால் படிப்பிப்பது என்று முடிவு செய்தேன். வழக்கமாக அந்தப் பாடத்தில் கரும்பலகையில் நான்கு பெட்டி கீறி, இது கோபுரம், இது கொடிமரம், இது மூலஸ்தானம் என்று சொல்லி முடிப்பேன். பின்வரிசை அந்நேரம் நித்திரை முடித்திருக்கும். இந்த முறை பிள்ளைகளைக் கோயிலுக்குள்ளேயே கூட்டிக்கொண்டு போவேன். வடமாகாணத்திலேயே இப்படி ஒரு பாடம் நடந்திருக்காது. நேசமலர் மேடம் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டுவார். இப்படியெல்லாம் யோசித்தேன். அந்த வயதில் எனக்கு யோசனைக்குக் குறைவில்லை.

கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கும் சிநேகிதன் ஒருவனிடம் நாலாபுறமும் ஒரேநேரத்தில் எடுக்கிற கமெரா இருந்தது. அதைக் கடன் வாங்கிக்கொண்டு அளவெட்டியில் எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். ஐயர் கமெராவைச் சுற்றிவந்து பார்த்தார்.

“படிக்கிற பிள்ளையளுக்கு எண்டால் எடும். தூர நிண்டு எடும். ஆனா சேட்டோடை உள்ளுக்கை வரேலாது.”

“தெரியும் ஐயா.”

“கமெராவின்ரை பையும் தோல் போலை கிடக்கு. அதையும் வெளியிலை வையும்.”

ஆகவே நானும் சேட் இல்லாமல், கமெராவும் பை இல்லாமல் உள்ளே போனோம். வாசல், கொடிமரம், மூலஸ்தானத்துக்கு முன்மண்டபம், சுற்றிவருகிற உள்வீதி என்று ஒவ்வோர் இடத்திலும் கமெராவை நிறுத்திவிட்டு ஓடி ஒளிந்தேன். காலைப் பூசை நேரம். தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் பெயர்போன எங்கள் ஊர் மேளத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அன்றைக்குத் தவில்காரர் வேறு நல்ல உசாரில் இருந்தார். (இன்றைக்கும் அந்தப் படத்தில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் முழங்கை ஒன்று தெரியும். அது என்னுடையது.)

எடுத்ததைக் கண்ணாடிக்குள் ஏற்றித் தந்தவர் யாழினி. எங்கள் கல்லூரிக் கணினிக் கூடத்தின் போதனாசிரியை. பத்துச் சொல்லுக்கு ஒரு சொல் பதில் சொல்லுகிற ஆள். அந்த ஒரு சொல் எப்போதும் சரியாக இருக்கும். அதனாலேயே எனக்கு அவரோடு கதைக்கப் பயம். கதைக்காமல் இருக்கவும் முடியவில்லை.

“சேர், இதிலை பாதுகாப்பு எல்லை எண்டு ஒண்டு இருக்கு. ஆள் இடத்தை விட்டு அரக்கினால் கண்ணுக்கு முன்னாலை நீலக் கோடு வரும். அதை நிப்பாட்டாதேங்கோ.”

“அது கோயிலுக்குள்ளை கம்பிவேலி அடிச்ச மாதிரிக் கிடக்கு யாழினி. வடிவில்லை. நிப்பாட்டி விடுங்கோ.”

“விழுவியள்.”

“நான் விழமாட்டன்.”

நிப்பாட்டிவிட்டார். அந்த உரையாடலை நான் மறந்தாலும் அவர் மறக்கவில்லை.

என் தலைக்கனத்துக்கு இன்னொரு சாட்சியும் உண்டு. அலுவலக உதவியாளர் மார்க்கண்டு அண்ணை, ஐம்பத்தைந்து வயது, ஒருநாள் ஆசைப்பட்டுக் கண்ணாடியை மாட்டினார். கடலடிப் படம் ஓடிக்கொண்டிருந்தது. சுறா ஒன்று வந்ததும் “ஐயோ அம்மாளாச்சி” என்று அலறிக்கொண்டு போய் அலுமாரியைக் கட்டிப்பிடித்துவிட்டார். நான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். சிரித்ததோடு விட்டேனா, அவருக்கு வகுப்பும் எடுத்தேன்.

“அண்ணை, இது வெறும் படம். படிச்ச ஆள் தான் எங்கை நிக்கிறன் எண்டதை மறக்கமாட்டான். மூளையைக் கட்டுப்பாட்டிலை வைச்சிருக்கவேணும்.”

“ஓம் சேர்,” என்று அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு போனார்.

அந்த நாள் வந்தது. காலை ஒன்பது மணிக்கே மண்டபத்தில் நிறைகுடம் வைத்தாயிற்று. மாணவர்கள் தலையில் தண்ணீர் தடவி வாரிக்கொண்டு வந்திருந்தார்கள். நான் நீலச் சேட், சிவப்புக் கழுத்துப்பட்டி. என் வாழ்க்கையில் அதற்கு முன் கழுத்துப்பட்டி கட்டியது பட்டமளிப்பு விழாவுக்கு மட்டும்தான். பேசுவது பின்வரிசைக்கும் கேட்கவேண்டும் என்று ஒரு சின்ன ஒலிவாங்கியைக் கழுத்துப்பட்டியில் குத்திவிட்டார்கள். நான் கண்ணாடிக்குள் பார்ப்பது முழுவதும் பெரிய திரையில் எல்லோருக்கும் தெரியும்படி யாழினி மடிகணினியோடு ஓரமாக இருந்தார். முதலில் நான் போட்டுக்காட்டிப் பாதையை விளக்குவது, பிறகு மாணவர்கள் நால்வர் நால்வராகப் போடுவது என்று திட்டம்.

நேசமலர் மேடம் சரியாகப் பத்து மணிக்கு வந்தார். அவரோடு குழுவில் இன்னும் இருவர். நல்லாகத் தெரியட்டும் என்று மூன்று கதிரைகளையும் நானேதான் மேடைக்கு முன்னால், நான் நிற்கும் இடத்துக்குக் கிட்ட, இழுத்துப் போட்டேன். மேடை என்றால் உயரமில்லை. சீமெந்துத் தரையில் சோக்கட்டியால் கீறிய ஒரு வட்டம், அவ்வளவுதான். ஒத்திகை முழுவதும் அந்த வட்டத்துக்குள் ஒரு கதிரையில் இருந்துகொண்டுதான் செய்தேன். அன்றைக்கும் கதிரையில் இருக்கப் போனேன்.

“தம்பி, இருந்துகொண்டோ படிப்பிக்கப் போறீர்?” என்றார் நேசமலர் மேடம். அதுதான் அவர் என்னோடு கதைத்த முதல் வசனம்.

எழுந்தேன். கதிரையைக் காலால் பின்னுக்குத் தள்ளினேன். மேலே மண்டபத்து மின்விசிறிகள் ஆறும் கடகடவென்று சத்தம். எனக்கு மேளம் கேட்காதே என்று கண்ணாடியோடு இருந்த காதுக்கருவியின் சத்தத்தை உச்சத்துக்குக் கூட்டினேன். ஒத்திகையில் அதை ஒருநாளும் கூட்டியதில்லை. கண்ணாடியை மாட்டினேன். அமத்தினால் படத்தில் அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகிற பொத்தான் கட்டையைக் கையில் எடுத்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததில் பாதிதான் எனக்குத் தெரியும். மறுபாதி, யாழினியின் போனில் இருக்கிற வீடியோவைப் பார்த்துத் தெரிந்துகொண்டது. இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன்.

என் பக்கம் இது. காலை வெயில். எங்கள் ஊர்க் கோயில் வாசல். நாதஸ்வரம் என் மண்டைக்கு நடுவில் இருந்து எழும்புகிறது. தவில் நெஞ்சுக்குள் இடிக்கிறது. “பிள்ளைகளே, நாங்கள் இப்போது கோபுர வாசலில் நிற்கிறோம்,” என்று தொடங்கினேன். நல்ல தொடக்கம். அதற்குப் பிறகு, நாலு வயதிலிருந்து அந்த வாசலில் நின்றவுடன் என் கை எதைச் செய்கிறதோ அதை அன்றைக்கும் செய்தது. மேல் பொத்தானைக் கழற்றியது.

நான் கழற்றவில்லை, கைதான் கழற்றியது. கோயில் வாசலில் சேட்டைக் கழற்றுவதற்கு யாழ்ப்பாணத்து ஆண்பிள்ளைக்கு மூளை தேவையில்லை. கையில் இருந்த பொத்தான் கட்டையை வாயில் கவ்விக்கொண்டு, சட்டைக் கையைச் சுருட்டி உருவி, சேட்டை இடுப்பில் சுற்றி முடிந்தேன். கோயிலுக்கு ஒருநாளும் கழுத்துப்பட்டியோடு போனதில்லை. ஆகவே அதைக் கழற்றக் கைக்குத் தெரியவில்லை. அது வெறும் நெஞ்சில் தொங்கிக்கொண்டு நின்றது, ஒலிவாங்கியோடு.

மண்டபத்தின் பக்கம் என்னவென்றால், முதலில் எல்லோரும் இது பாடத்தில் ஒரு பகுதி என்று நினைத்திருக்கிறார்கள். ஒரு மாணவன் குறிப்பும் எடுத்திருக்கிறான். ‘1. மேலாடை களைதல்.’

கட்டையை அமத்தினேன். மூலஸ்தானத்துக்கு முன்னால் வந்துவிட்டேன். தீபாராதனை நடக்கிறது. தூரத்தில் விளக்கொளியில் எங்கள் பிள்ளையார். பரீட்சைக்கு முதல்நாள், சைக்கிள் களவு போன நாள், அப்பா ஆசுப்பத்திரியில் கிடந்த நாள், எல்லா நாளும் நான் போய் நின்ற இடம் அது. பிள்ளையாரைக் கண்டதும் உள்ளே எங்கேயோ அழுகை முட்டியது. மூன்று வருடத் தற்காலிகமும் தொண்டைக்கு வந்தது. மெய்யாகவே மறந்துவிட்டேன். மண்டபம், குழு, மாணவர்கள் எல்லோரும் என் மனதிலிருந்து போய்விட்டார்கள்.

தலையில் குட்டிக்கொண்டேன். விரல் கணு கண்ணாடிப் பட்டியில் டக், டக் என்று பட்டது. காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போட்டேன். திரையில் பிள்ளையார் மூன்று முறை மேலே போய்க் கீழே வந்திருக்கிறார். பிறகு வாய்விட்டுக் கும்பிட்டேன். காதுக்குள் மேளம் முழங்குகிறபடியால், மனதுக்குள் சொல்வதாகத்தான் நினைப்பு. ஒலிவாங்கி அதை மண்டபத்தின் நாலு மூலைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

“பிள்ளையாரப்பா, என்னை நிரந்தரமாக்கி விடு. நான் ஒண்டும் பெரிசாக் கேக்கேல்லை. அந்த மனுசிக்கு நல்ல புத்தியைக் குடு. சிவப்புப் பேனையிலை மை முடிஞ்சாலும் சரி.”

ஏன் ஒருவரும் நிறுத்தவில்லை என்று கேட்பீர்கள். நானும் பிறகு கேட்டேன், யாழினியிடம்.

“கும்பிடுற ஆளை இடையிலை குழப்பக்கூடாது எண்டு அம்மா சொல்லித் தந்தவ,” என்றார். அன்று அவர் சொன்ன மிக அதிகமான சொற்கள் அவைதான்.

அதுதான் விசயம். கும்பிடுகிறவனுக்குக் குறுக்கே போகிற பழக்கம் எங்கள் ஆட்களிடம் இல்லை. சேட் இல்லாமல் ஒருவன் மண்டபத்து நடுவில் ஆடினால் ஓடிவந்து பிடித்திருப்பார்கள். அவன் கும்பிடுகிறான் என்றதும் எல்லோரும் அமைதியானார்கள். பின்வரிசையில் இரண்டு பிள்ளைகள் எழுந்து நின்று கைகூப்பியிருக்கிறார்கள். கதவடியில் நின்ற மார்க்கண்டு அண்ணை திரையைப் பார்த்துத் திருநீறு தேடியிருக்கிறார். கிறிஸ்தவரான எங்கள் அதிபரோ, ஜெபவேளையில் நிற்பதுபோல், தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறார். (வீடியோவில் அவர் தோள் குலுங்குவது தெரிகிறது. அது ஜெபத்தால் அல்ல.)

நான் வீதி சுற்றப் புறப்பட்டேன். கட்டையை அமத்தினால் போதும், நடக்கத் தேவையில்லை. ஆனால் வீதியை நடந்துதானே சுற்றவேண்டும்? நடந்தேன். நீலக் கோடு இருந்திருந்தால் அது இப்போது வந்திருக்கும். அதைத்தான் நிப்பாட்டியாயிற்றே. சோக்கட்டி வட்டத்தைத் தாண்டி, நான் தள்ளிவிட்ட கதிரையையே மூன்று தரம் வலம் வந்திருக்கிறேன். மூன்றாவது சுற்று கொஞ்சம் அகலமாகிவிட்டது. மேளம் உச்சத்துக்குப் போனது. கட்டையை அமத்தினேன். கொடிமரம் முன்னால் வந்தது. வீதி சுற்றி வந்தவன் கொடிமரத்தடியில் என்ன செய்யவேண்டுமோ அதைச் செய்தேன். நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன்.

தரை குளிர்ந்தது. நல்ல சீமெந்துத் தரை. இரண்டு கைகளையும் நீட்டினேன். விரலில் ஏதோ தட்டுப்பட்டது. தடவினேன். தோல், ஒரு வார், ஒரு பூட்டு. எனக்கு வந்ததே கோபம். கமெராப் பையையே வெளியே வைத்துவிட்டு வந்தவன் நான். கொடிமரத்தடியில் யார் இது?

படுத்தபடியே தலையைத் தூக்கிக் கத்தினேன்.

“ஆரது கொடிமரத்தடியிலை செருப்போடை நிக்கிறது? வெக்கமில்லையோ?”

மேளத்துக்கு மேலால் ஒரு குரல் கேட்டது. நிதானமான குரல்.

“நான்தான் தம்பி.”

அந்தக் குரல் எங்கள் கோயிலில் ஒருநாளும் கேட்டதில்லை. கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தினேன். கறுப்புச் செருப்பு. வெள்ளைப் பருத்திச் சேலைக் கரை. அதற்கு மேலே மடித்த குடை. அதற்கும் மேலே பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. என் இரண்டு கைகளும் நேசமலர் மேடத்தின் இரண்டு பாதங்களையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தன.

மேலே மின்விசிறிகள் மெதுவாகச் சுற்றுவதுபோல் இருந்தது. பூமி பிளந்து என்னை விழுங்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அது தரமான சீமெந்து; பிளக்கவில்லை. மூன்று வருட உழைப்பும், அம்மா வைத்த நேர்த்திக்கடனும், அலுமாரி திறந்த பெருமையும் அந்தச் செருப்படியில் கிடந்தன. இனி விளம்பரம் போடுவார்கள். அந்த விளம்பரத்தைப் பார்த்து எவனாவது சேட்டோடு வந்து என் இடத்தில் இருப்பான்.

“எழும்பும்,” என்றார் நேசமலர் மேடம். “சேட்டைப் போடும். இன்னும் பதினைஞ்சு நிமிசம் பாடம் இருக்கு.”

எழுந்தேன். பொத்தான்களைப் பிழையாகப் பூட்டினேன். கழுத்துப்பட்டி சேட்டுக்கு உள்ளே போய்விட்டது; வயிற்றுப் பக்கத்தில் அதன் நுனி எட்டிப்பார்த்தது. பாடத்தை எங்கே விட்டேன் என்று நினைவில்லை. அப்போது அவரே மாணவர்கள் பக்கம் திரும்பினார்.

“உங்களிலை கோயிலுக்குள்ளை போகாத ஆக்கள் ஆரும் இருக்கிறியளோ?”

ஒரு மாணவி கை தூக்கினாள். வட்டுக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளை, தேவாலயக் குடும்பம்.

“இப்ப சேர் போன பாதையை எனக்குச் சொல்லும் பாப்பம்.”

அந்தப் பிள்ளை தடங்கலில்லாமல் சொன்னாள். வாசலில் ஆண்கள் மேலாடை களைவார்கள். உள்ளே பிள்ளையாருக்குக் குட்டி, தோப்புக்கரணம் போடுவார்கள். இடமிருந்து வலமாக வீதி சுற்றுவார்கள். முடிவில் கொடிமரத்துக்கு முன்னால்தான் விழவேண்டும், வேறு இடத்தில் விழக்கூடாது.

“வேறை இடத்திலை விழுந்தால்?”

“அது... சேர் விழுந்த மாதிரி இருக்கும் மேடம்.”

அப்போதுதான் மண்டபம் வெடித்தது. சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை. குழுவின் மற்ற இருவரும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்கள். அதிபர் வெளியே போய்விட்டு வந்தார். நானும் சிரித்தேன். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் தொடங்கி, சிரிப்பிலேயே நின்றுவிட்டேன். அதற்குப் பிறகு பாடம் தன்பாட்டில் நடந்தது. பிள்ளைகள் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். கரும்பலகையில் பெட்டி கீறிய மூன்று வருடமும் ஒருவரும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

முடிகிற நேரம் நேசமலர் மேடம் கையை நீட்டினார். “உதை இஞ்சை தாரும். நானும் பாக்கவேணும்.”

கண்ணாடியை எடுத்துக்கொண்டு போனேன். அவர் வாங்குவதற்கு முன்னால் குனிந்து, செருப்பின் பூட்டைக் கழற்றினார். இரண்டு செருப்பையும் கதிரைக்குக் கீழே ஒழுங்காக வைத்தார். பிறகுதான் எழுந்து நின்று கண்ணாடியை மாட்டினார். எழுபது வயது மிஷன் வீட்டு மனிசி, ஒரு படத்துக்குள் போவதற்குச் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனார். அதைப் பார்த்தபோது எனக்கு வெட்கம் முழுவதும் போய், அவர் மேல் பெரிய அன்பு வந்தது. வேலை போனாலும் பரவாயில்லை என்று ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், நினைத்தேன்.

அவர் ஐந்து நிமிடம் அசையாமல் நின்றார். கழற்றும்போது, “உங்கடை ஊர் மேளகாரர் நல்லா வாசிக்கினம்,” என்று மட்டும் சொன்னார். சிவப்புப் பேனாவால் ஏதோ எழுதினார். மார்க்கண்டு அண்ணை தேத்தண்ணீர் கொண்டுவந்து, என் காதுக்குக் கிட்டக் குனிந்தார்.

“சேர், இப்ப எங்கை நிக்கிறம் எண்டு தெரியுதோ?”

மூன்று கிழமைக்குப் பிறகு கடிதம் வந்தது. நிரந்தரம். குழுவின் அறிக்கைப் பிரதியை அதிபர் மின்விசிறியைக் குறைத்து வைத்துக்கொண்டு வாசித்துக் காட்டினார். விரிவுரையாளர் தம் பாடத்தில் முழு உடலோடும் ஈடுபடுகிறார் என்று ஒரு வரி. இக்கருவி மாணவரை உரிய இடத்துக்கே கொண்டுசெல்லும் என்பதில் குழுவுக்கு ஐயமில்லை என்று இன்னொரு வரி. கடைசியில் ஒரு நிபந்தனை: பாடவேளையில் கருவியை மாணவர் மாத்திரமே அணிதல் வேண்டும், விரிவுரையாளர் அணிதல் ஆகாது.

அன்று பின்னேரம் மானிப்பாய்க்குப் போய் நேசமலர் மேடத்துக்கு நன்றி சொன்னேன். வாசலில் செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்தேன்.

“எனக்கு நல்ல புத்தி வந்திட்டுது போலை,” என்றார்.

பிறகு என்ன? கதை என்னைவிட வேகமாக ஊர் சுற்றியது. சுற்றச் சுற்ற, கண்ணாடி முதலில் கழன்று விழுந்தது. அடுத்து கோயில் கழன்றது. கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்: உவன் மேடத்தின்ரை காலிலை விழுந்து, அழுது, நிரந்தரம் எடுத்தவன். போன வருடம் ஒரு நேர்முகத் தேர்வில் நானும் குழுவில் இருந்தேன். வந்த பெடியன் எல்லாக் கேள்விக்கும் நன்றாகப் பதில் சொன்னான். எழும்பும்போது தயங்கி, என்னைப் பார்த்து, “சேர், விழுறது இப்பவோ, கடிதம் வந்தபிறகோ?” என்று கேட்டான். பகிடிக்குக் கேட்கவில்லை. முகம் அவ்வளவு பயபக்தியாக இருந்தது.

யாழினியை நான் கல்யாணம் செய்துகொண்டேன். வேறு வழியிருக்கவில்லை, வீடியோ அவரிடம் இருந்தது. எங்கள் மகளுக்கு இப்போது நாலு வயது. அவளுக்கு அந்த வீடியோதான் இரவுச் சாப்பாட்டுக்கு வேடிக்கை. போன கிழமை அவளுக்கு ஐஸ்கிறீம் வேண்டும் என்று ஆசை வந்தது. தடிமன், மூக்கு ஒழுகுகிறது என்று நான் மறுத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் வெறும் பிஸ்கட் பெட்டி ஒன்றைக் கண்ணில் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு அறைக்குள் இருந்து வந்தாள். மூன்று தரம் மேசையைச் சுற்றினாள். என் காலடியில் வந்து நின்றாள். பெட்டியைக் கொஞ்சம் தூக்கி, என் கால்களைப் பார்த்தாள். திரும்பி நடந்து, அடுப்படியில் நின்ற தாயின் கால்களைத் தேடிப் போய், அங்கே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள்.

யாழினி கரண்டியை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“பாத்தியளோ? உங்களை மாதிரி இல்லை. என்ரை பிள்ளை ஆரின்ரை கால் எண்டு பாத்திட்டுத்தான் விழுறாள்.”